வீட்டில் பழைய விசிடி இருக்கிறது, கணினியில் வட்டுப் போட இடமில்லை: வெளி டிவிடி ரைட்டர் வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஜொகூர் பாரு: 1990களின் இறுதியிலிருந்து ஏறக்குறைய 2010 வரை நம் மாநிலத்தில் நடந்த திருமணம், மஞ்சள் நீராட்டு, தோட்டத்துக் கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா ஆகியவற்றின் படப்பதிவுகள் பெரும்பாலும் இறுவட்டில்தான் வீடு வந்து சேர்ந்தன. முதலில் விசிடி, பிறகு டிவிடி. அலமாரியில் ஆல்பத்தின் பக்கத்தில் அவை இன்றும் இருக்கின்றன. அவற்றைப் போட்டுப் பார்க்கும் கருவிதான் இல்லை.

விசிடி பிளேயர் எப்போதோ பழுதாகிவிட்டது. புதிய மடிக்கணினியில் வட்டுப் போடும் தட்டே கிடையாது. ஆப்பிள் நிறுவனம் 2008இல் தன் மெக்புக் ஏர் மடிக்கணினியில் அந்தத் தட்டை நீக்கியது. கணினிகள் மெலியத் தொடங்கியதும் மற்ற நிறுவனங்களும் அதே வழியில் போயின.

இதைத் தள்ளிப் போட முடியாததற்குக் காரணங்கள் உண்டு. வீட்டில் அல்லது கடையில் எழுதப்படும் சிடி, டிவிடி வட்டுகளில் தகவலைத் தாங்குவது பெரும்பாலும் ஒரு மெல்லிய சாயப் பூச்சு. சூடு, ஈரப்பதம், வெயில் மூன்றும் அதற்கு எதிரி. நம் ஊரில் இவை மூன்றுக்கும் குறைவில்லை. அதோடு, கூலாய், மாசாய், உலு திராம் பக்கம் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்ட தோட்டங்களின் லயன் வீடுகள், பழைய கோயில், திருவிழாவில் காவடி எடுத்தவர்கள் ஆகியோரை அசையும் படமாகப் பார்க்க வேண்டுமென்றால் பல குடும்பங்களுக்கு அந்த வட்டை விட்டால் வேறு வழியில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் நடத்தும் கோயில்களின் முந்தைய பதிவும் அநேகமாக டிவிடியில்தான் இருக்கும்.

இதற்குத் தீர்வு எளியது. யூஎஸ்பி கேபிள் வழியாகக் கணினியோடு இணையும் வெளி டிவிடி ரைட்டர் ஒன்று போதும். ஆனால் கடையிலும் இணையத்திலும் தேடினால் யூஎஸ்பி 2.0, 3.0, டைப்-சி, கேசிங், அடாப்டர் என்று பல பெயர்கள் வந்து குழப்பும். வாங்கும்போது பலரும் முதலில் வேகத்தைத்தான் பார்க்கிறார்கள். உண்மையில் வேகத்தைக் கடைசியில் பார்த்தால் போதும். முதலில் டிரைவ், அடுத்து அதற்குப் பொருந்தும் கேசிங், பிறகு கேபிள், அதோடு மின்சாரம் என்ற வரிசையில் பார்த்தால் குழப்பம் வராது.

எந்த டிரைவ் வேண்டும்?

வட்டுகளில் மூன்று தலைமுறை உண்டு. சிடி 700 மெகாபைட் கொள்ளும். விசிடியும் இந்தக் குடும்பம்தான். டிவிடி ஓர் அடுக்கில் 4.7 கிகாபைட், இரண்டு அடுக்கில் 8.5 கிகாபைட். புளூ-ரே ஓர் அடுக்கில் 25 கிகாபைட், இரண்டு அடுக்கில் 50 கிகாபைட்.

ஒவ்வொன்றுக்கும் லேசர் கதிர் வேறு. சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650, புளூ-ரேக்கு 405. டிவிடி ரைட்டரில் முதல் இரண்டுக்கும் லேசர் இருப்பதால் அது சிடி, விசிடி, டிவிடி மூன்றையும் வாசிக்கும். புளூ-ரே வட்டை வாசிக்காது. புளூ-ரே ரைட்டர் பொதுவாக எல்லாவற்றையும் வாசிக்கும், எழுதும். விலையும் அதற்கேற்பப் பல மடங்கு கூடும்.

ஆகவே, பழைய குடும்பப் பதிவுகளைக் கணினிக்கு மாற்றுவதுதான் நோக்கம் என்றால் சாதாரண டிவிடி ரைட்டரே போதும். பெரிய அளவில் புதிதாக எழுதிச் சேமிக்கப் போகிற கோயில், பள்ளி, சங்கம் போன்றவை மட்டும் புளூ-ரேயைப் பற்றி யோசிக்கலாம். அவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எழுதக்கூடிய புளூ-ரே வட்டு தயாரிப்பை சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. மற்ற நிறுவனங்களின் வட்டுகள் கிடைத்தாலும், சந்தை சுருங்கி வருகிறது என்பதை நினைவில் வைத்துத் திட்டமிட வேண்டும்.

வாங்கும்போது தட்டு வெளியே வரும் வகையா, வட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும் வகையா என்றும் பாருங்கள். சில கையடக்க வீடியோ கேமராக்கள் 8 சென்டிமீட்டர் சின்ன டிவிடியில் பதிவு செய்தன. அதை உள்ளிழுக்கும் வகையில் போட்டால் சிக்கிக்கொள்ளும். தட்டு வகையில் நடுவிலுள்ள குமிழில் அழுத்திப் பொருத்திவிடலாம். நம் தேவைக்குத் தட்டு வகையே நல்லது.

பழைய டிரைவ் இருந்தால் எந்தக் கேசிங்?

வீட்டில் பழைய டிரைவ் எதுவும் இல்லையென்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். உறையோடு சேர்ந்து வரும் மெல்லிய டிவிடி ரைட்டரை வாங்கினால் போதும்.

பழுதான மடிக்கணினியிலோ மேசைக் கணினியிலோ நல்ல நிலையில் ஒரு டிரைவ் இருந்தால், அதைக் கழற்றி வெற்றுக் கேசிங்கில் போட்டுப் பயன்படுத்தலாம். இங்கேதான் தவறான பொருளை வாங்கிவிடும் வாய்ப்பு அதிகம். டிரைவின் உருவமும் அதன் பின்புற முனையும்தான் கேசிங்கைத் தீர்மானிக்கின்றன.

மடிக்கணினி டிரைவ்: இதில் இரண்டு தடிமன் உண்டு, 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர். பெரியதற்கான கேசிங்கில் சின்னதைப் போட்டால் ஆடும். சின்னதற்கானதில் பெரியது நுழையாது. அடிக்குச்சியால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பின்புறம் பார்த்தால், புதிய வகையில் தட்டையான சாட்டா முனை இரண்டு பகுதியாக இருக்கும்: தகவலுக்கு 7 தொடுமுனை, மின்சாரத்துக்கு 6. பழைய ஐடிஇ வகையில் 50 தொடுமுனை கொண்ட நீண்ட முனை இருக்கும். ஒன்றுக்கான கேசிங் மற்றொன்றுக்குப் பொருந்தவே பொருந்தாது.

மேசைக் கணினி டிரைவ்: இது ஐந்தேகால் அங்குல வகை, கனமானது. சாட்டா என்றால் தகவலுக்கு 7, மின்சாரத்துக்கு 15 தொடுமுனை. பழைய ஐடிஇ என்றால் 40 ஊசி கொண்ட அகலமான முனையும், மின்சாரத்துக்கு நான்கு ஊசி முனையும் இருக்கும். இதற்கான பெட்டிக் கேசிங் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. அதற்குப் பதிலாக, மின் அடாப்டரோடு வரும் சாட்டா-யூஎஸ்பி இணைப்பு வயரைப் பயன்படுத்தலாம். டிரைவை மேசைமேல் சமமாக வைத்து இயக்க வேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, வன்தட்டுக்கென்று விற்கப்படும் கேசிங், வயர் எல்லாமே டிவிடி டிரைவை ஏற்காது. வட்டு டிரைவுகள் அட்டாபி என்ற தனிக் கட்டளை முறையில் பேசுபவை. கேசிங்கின் உள்ளே இருக்கும் சிப்புக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பெட்டியில் 'ஆப்டிகல் டிரைவ்' என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, அடாப்டர் இல்லாத மலிவான சாட்டா-யூஎஸ்பி வயர் சின்ன வன்தட்டுக்கு மட்டுமே ஆகும். மேசைக் கணினி டிரைவுக்கு 5 வோல்ட்டும் வேண்டும், 12 வோல்ட்டும் வேண்டும். யூஎஸ்பி துளையிலிருந்து சாதாரணமாக வருவது 5 வோல்ட் மட்டுமே.

கேபிள்: எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம்

டிவிடி ரைட்டரில் '8எக்ஸ்', '24எக்ஸ்' என்று போட்டிருப்பது அதன் வேகம். சிடியில் ஓர் எக்ஸ் என்பது விநாடிக்கு 150 கிலோபைட். டிவிடியில் ஓர் எக்ஸ் ஏறக்குறைய 1.385 மெகாபைட். புளூ-ரேயில் 4.5 மெகாபைட்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மெல்லிய டிவிடி ரைட்டர் 8எக்ஸ் வேகத்தில் எழுதினால் விநாடிக்கு 11 மெகாபைட் போகும். மேசைக் கணினி டிரைவ் 16எக்ஸ் என்றால் 22 மெகாபைட். யூஎஸ்பி 2.0 ஏட்டளவில் விநாடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். நடைமுறையில் 30 மெகாபைட்டை ஒட்டிக் கிடைக்கும். எனவே டிவிடிக்கு யூஎஸ்பி 2.0 தாராளமாகப் போதும். யூஎஸ்பி 3.0 கேபிள் போட்டால் டிவிடி வேகமாக ஓடும் என்பது சரியல்ல. வட்டு சுழலும் வேகமே எல்லை.

யூஎஸ்பி 3.0 தேவைப்படும் இடம் மேசைக் கணினி வகைப் புளூ-ரே ரைட்டர். அது 16எக்ஸில் எழுதினால் விநாடிக்கு 72 மெகாபைட் வேண்டும், 2.0 அதற்கு ஈடுகொடுக்காது.

மிகப் பழைய கணினியில் யூஎஸ்பி 1.1 மட்டும் இருக்கலாம். அதன் உச்சம் விநாடிக்கு 12 மெகாபிட். டிவிடியின் ஓர் எக்ஸுக்குக்கூட உண்மையில் எட்டாது. ஒரு முழு டிவிடியை நகலெடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தக் கணினியை விட்டுவிட்டு வேறு கணினியில் செய்வதே நல்லது.

டைப்-சி என்பது முனையின் வடிவம். வேகத்தின் பெயர் அல்ல. டைப்-சி முனை உள்ள ரைட்டர் ஒன்று உள்ளே யூஎஸ்பி 2.0 வேகத்திலேயே இயங்கலாம்; அதில் குறையொன்றுமில்லை. உங்கள் மடிக்கணினியில் டைப்-சி துளை மட்டும்தான் இருக்கிறது என்றால் டைப்-சி ரைட்டர் வாங்குங்கள். அல்லது சாதாரண ரைட்டருக்குச் சின்ன மாற்றுமுனை ஒன்று வாங்குங்கள். இரண்டு வகை முனையும் சேர்ந்து வரும் ரைட்டர் கிடைத்தால் வீட்டிலுள்ள எல்லாக் கணினிக்கும் ஆகும்.

பழைய பொருள் விற்கும் இடங்களில் ஃபயர்வயர், இ-சாட்டா துளை உள்ள கேசிங்குகளைக் காணலாம். ஃபயர்வயர் பழைய மேக் கணினிகளிலும் வீடியோ ஸ்டூடியோக்களிலும் இருந்தது. இ-சாட்டா வேகமானது, ஆனால் சாதாரண இ-சாட்டா துளை மின்சாரம் தராது. இன்றைய கணினிகளில் இரண்டும் வழக்கில் இல்லை. யூஎஸ்பியும் சேர்ந்திருந்தால் ஒழிய அவற்றை வாங்க வேண்டாம்.

மின்சாரம்: பெரும்பாலான கோளாறு இங்கேதான்

ரைட்டரைச் செருகியதும் விளக்கு எரிகிறது, வட்டு சுழல்கிறது, பிறகு நின்றுவிடுகிறது. அல்லது பாதி எழுதிய வட்டு வீணாகிறது. டிரைவ் கெட்டுவிட்டது என்று பலரும் நினைப்பார்கள். பல வேளைகளில் மின்சாரம் போதாததே காரணம்.

யூஎஸ்பி 2.0 துளை தரும் மின்சாரம் 500 மில்லிஆம்பியர், அதாவது 2.5 வாட். யூஎஸ்பி 3.0 துளை 900 மில்லிஆம்பியர், 4.5 வாட். மெல்லிய ரைட்டர் வாசிக்கும்போது சமாளித்துக்கொண்டாலும், வட்டைச் சுழற்றத் தொடங்கும்போதும் எழுதும்போதும் சில டிரைவுகள் 1 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆகவே கேபிள் வேகத்துக்கு 2.0 போதும் என்றாலும், கணினியில் நீல நிற 3.0 துளை இருந்தால் அதில் செருகுவதே நல்லது. மின்சாரத்தை முன்னிட்டுத்தான் இந்த யோசனை.

பழைய கணினி என்றால் இரண்டு தலை உள்ள 'ஒய்' கேபிளைப் பயன்படுத்தலாம். ஒரு தலை தகவலுக்கும் மின்சாரத்துக்கும், மற்றது கூடுதல் மின்சாரத்துக்கு. அடாப்டர் இல்லாத யூஎஸ்பி ஹப்பில் ரைட்டரைச் செருக வேண்டாம். ஒரே துளையின் மின்சாரத்தை அது பல கருவிகளுக்குப் பங்கு போடும். நீளமான, மெல்லிய கேபிளும் மின்சாரத்தை இழக்கும். ரைட்டரோடு வந்த குட்டைக் கேபிளே நல்லது. மடிக்கணினியைச் சார்ஜரில் போட்டுவிட்டு எழுதுங்கள்.

மேசைக் கணினி டிரைவுக்கான 12 வோல்ட் அடாப்டர் வாங்கும்போது நம் நாட்டு மூன்று முனை பிளக்கும் சிரிம் முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரும் அடாப்டர்களில் இதை மறக்காமல் கவனிக்க வேண்டும்.

யாருக்கு எது?

புதிய மடிக்கணினியும் பத்துப் பதினைந்து பழைய விசிடியும் உள்ள குடும்பம்: உறையோடு வரும் மெல்லிய டிவிடி ரைட்டர், யூஎஸ்பி இணைப்பு. இதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை.

பழுதான மடிக்கணினி கையில் உள்ள மாணவர்: அதன் டிரைவின் தடிமனையும் முனையையும் பார்த்து வெற்றுக் கேசிங். டிரைவின் முன்மூடி கேசிங்குக்குப் பொருந்தாமல் போகலாம். கேசிங்கோடு தனி முன்மூடி வருகிறதா என்று கேளுங்கள்.

நூற்றுக்கணக்கான வட்டுகள் உள்ள கோயில் நிர்வாகம், பள்ளி அல்லது ஸ்டூடியோ: 12 வோல்ட் அடாப்டரோடு இயங்கும் மேசைக் கணினி டிரைவ். நாள் முழுக்க ஓடுவதற்கு அது ஏற்றது, மின்சாரத் தட்டுப்பாடும் வராது. ஒரு டிரைவ் வாசிக்காத வட்டை மற்றொன்று வாசித்துவிடுவது உண்டு என்பதால், முடிந்தால் இரண்டு வெவ்வேறு நிறுவன டிரைவுகளை வைத்துக்கொள்ளலாம்.

தொலைக்காட்சியின் யூஎஸ்பி துளையில் ரைட்டரைச் செருகிப் படம் பார்க்கலாம் என்று எண்ணி வாங்க வேண்டாம். அந்தத் துளை பென்டிரைவுக்கானது. பெரும்பாலான தொலைக்காட்சிகள் டிவிடி டிரைவை அடையாளம் காணாது.

வட்டைப் போடும் முன்

மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தகவல் ஓடும் திசையிலேயே விழும். சிடி, விசிடியில் தகவல் அடுக்கு பெயர் எழுதும் மேல்பக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ஆகவே மேல்பக்கம் கீறினால்தான் ஆபத்து அதிகம். அதில் பந்துமுனைப் பேனாவால் எழுதவோ, ஒட்டியிருக்கும் தாளைப் பிய்க்கவோ கூடாது. டிவிடியில் தகவல் அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் மேல்பக்கக் கீறலை ஓரளவு தாங்கும்.

விண்டோஸ் 8 முதல் டிவிடிப் படம் பார்க்கும் வசதி கணினியோடு சேர்ந்து வருவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி மென்பொருளைப் பதிவிறக்கிக்கொண்டால் விசிடி, டிவிடி இரண்டையும் பார்க்கலாம். விசிடியில் 'எம்பெக்ஏவி' என்ற கோப்புறையில் 'டேட்' என முடியும் கோப்பாகப் படம் இருக்கும். டிவிடியில் 'வீடியோ டிஎஸ்' என்ற கோப்புறையில் 'விஓபி' கோப்புகளாக இருக்கும். டிவிடியில் ஒரு கோப்பை மட்டும் எடுக்காமல் அந்தக் கோப்புறை முழுவதையும் நகலெடுங்கள். ஒரு விசிடி ஏறக்குறைய 74 நிமிடப் படம் கொள்ளும். ஒரு திருமணத்துக்கு இரண்டு மூன்று வட்டு வந்தது இதனால்தான். இருபது விசிடியைக்கூட 32 கிகாபைட் பென்டிரைவ் ஒன்றில் அடக்கிவிடலாம்.

டிவிடி டிரைவ் மண்டலக் குறியீடு கேட்டால் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். மலேசியா 3ஆம் மண்டலம், இந்தியா 5ஆம் மண்டலம். ஒரு டிரைவில் ஐந்து முறைதான் மாற்ற முடியும். அதன் பிறகு கடைசியாக வைத்ததிலேயே நின்றுவிடும். குடும்பப் பதிவுகளில் பொதுவாக இந்தக் குறியீடு இருப்பதில்லை.

கடையில் வாங்கிய திரைப்பட, பாடல் வட்டுகள் வேறு கணக்கு. அவற்றை நகலெடுத்துப் பிறருக்குக் கொடுப்பதும் விற்பதும் 1987 பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் வரும். இங்கே சொல்வது நம் சொந்தப் பதிவுகளைப் பற்றி மட்டுமே.

புதிதாக எழுதுவதென்றால்

விண்டோஸில் வெற்று வட்டைப் போட்டதும் இரண்டு வழி கேட்கும்: பென்டிரைவ் போலப் பயன்படுத்தவா, சிடி-டிவிடி பிளேயருக்காகவா? பாதுகாத்து வைக்க வேண்டியதற்கு இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். முதல் வழியில் எழுதிய வட்டைச் சில கருவிகள் படிக்காது. எழுதியதும் சரிபார்க்கும் வசதி மென்பொருளில் இருந்தால் அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

நீண்டகாலச் சேமிப்புக்கு எம்-டிஸ்க் என்ற வகை உண்டு. அதில் சாயத்துக்குப் பதிலாகக் கனிமப் பொருள் அடுக்கு இருக்கிறது. ஆயிரம் ஆண்டு தாங்கும் என்பது தயாரிப்பாளரின் கூற்று. அதை யாரும் இருந்து பார்க்கப் போவதில்லை. சாதாரண வட்டைவிடச் சூட்டையும் ஈரத்தையும் தாங்கக் கூடியது என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம். எம்-டிஸ்க் டிவிடியை எழுத, ரைட்டரிலும் அந்த அடையாளம் இருக்க வேண்டும். வாங்கும்போதே பாருங்கள்.

எதில் சேமித்தாலும் ஒரே இடத்தில் வைக்க வேண்டாம். ஒன்று கணினியிலோ வன்தட்டிலோ, ஒன்று வட்டிலோ பென்டிரைவிலோ, ஒன்று வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில். வெள்ளம் வந்தால் குளுவாங், சிகாமட் பக்கத்து வீடுகளுக்கு இதன் அருமை தெரியும்.

கடைக்குப் போகும் முன் குறித்துக்கொள்ள

1. வாசிக்க மட்டுமா, எழுதவும் வேண்டுமா? டிவிடி போதுமா?
2. கணினியில் இருப்பது சாதாரண யூஎஸ்பி துளையா, டைப்-சியா?
3. பழைய டிரைவ் இருந்தால்: மடிக்கணினியுடையதா, மேசைக் கணினியுடையதா? தடிமன் 12.7 மில்லிமீட்டரா, 9.5 மில்லிமீட்டரா? முனை சாட்டாவா, ஐடிஇயா? கைப்பேசியில் பின்புறத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.
4. கேசிங்கில் 'ஆப்டிகல் டிரைவ்' என்று போட்டிருக்கிறதா?
5. மேசைக் கணினி டிரைவ் என்றால் 12 வோல்ட் அடாப்டர் சேர்ந்து வருகிறதா?
6. வீட்டிலிருந்து ஒரு பழைய வட்டைக் கையோடு எடுத்துச் சென்று, முடிந்தால் கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

வாங்கிய நாளிலேயே எல்லா வட்டையும் மாற்றிவிட முடியாது. மிகப் பழையதிலிருந்தும், இன்று நம்மோடு இல்லாதவர்களின் முகமும் குரலும் உள்ள வட்டிலிருந்தும் தொடங்குங்கள். மாற்றிய கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, தோட்டத்தின் பெயர், நிகழ்ச்சி மூன்றையும் எழுதுங்கள். படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று சொல்லத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டுக் குறித்துவிடுங்கள்.